வானத்தில் நிற்கும் கையெழுத்து

தொடர்கதை: ஒரே விலை / அத்தியாயம் 14

குமணன்சாவடியில் உஸ்மான் கனியின் தார்ப்பாய்க் கடை. கடைக்கு மேலே வீடு, வீட்டுக்கு மேலே மொட்டை மாடி, மாடிக்கு மேலே வானம். வானத்துக்கும் மாடிக்கும் நடுவில் நீலத் தார்ப்பாய் ஒன்று, இருபதுக்கு முப்பது அடி. மூன்று வருஷம் கடையில் கிடந்தும் விலை போகாமல், கடைசியில் வீட்டோடு தங்கிவிட்ட உருப்படி.

அதன் அடியில்தான் அவர் மகள் ஃபிசாவின் ஆபீஸ். ஒரு பிளாஸ்டிக் மேசை, ஒரு லேப்டாப், தலையாட்டும் மேசை விசிறி ஒன்று.

வெயில் ஏறினால் அந்த இடமே நீலமாகிவிடும். மேசை நீலம், விரல் நீலம், டம்ளரில் இருக்கும் டீயும் நீலம். கிணற்றின் அடியில் உட்கார்ந்து மேலே பார்ப்பது போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கிணற்றடியில் உட்கார்ந்து, ஃபிசா தன் கல்யாணத்தை அவிழ்ப்பதற்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஜமாஅத் செயலாளர் அப்துல் ரசாக் பாய் போன வாரம் சொல்லிவிட்டுப் போனது நினைவிருக்கும். மனைவி தானாகப் பிரிய விரும்பினால், கல்யாணத்தில் மாப்பிள்ளையிடம் வாங்கிய மஹரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஞாயிறு அஸர் தொழுகை முடித்து ஐந்து மணிக்கு அவர் வருவார். மஹர் மாப்பிள்ளையிடம் சேர்ந்திருந்தால் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். ஒன்றரை வருஷக் கல்யாணம் அந்தப் பக்கத்தோடு சரி.

வேறு பெண்ணாக இருந்தால் பீரோவைத் திறந்து நகையை எடுத்துக் கொடுத்திருப்பாள். ஃபிசா வாங்கியது அரை ஈதர்.

நிக்காஹ் சபையில் "மஹர் என்ன?" என்று ஹஜ்ரத் கேட்டபோது, மாப்பிள்ளை ஆசிம் "அரை ஈதர்" என்றான். கம்ப்யூட்டருக்குள் ஓடும் காசு அது என்று அவருக்கு விளங்கவைப்பதற்குள் பிரியாணி ஆறிப்போனது. கடைசியில் பக்கத்திலேயே ரூபாய்க் கணக்கையும் போட்டுப் பதிவேட்டில் எழுதினார். உஸ்மான் கனி மட்டும் விடுவதாக இல்லை.

"அரை என்னா மாப்பிள்ளை அரை? முழுசா ஒண்ணு போடுங்க."

"அரைதான் மாமா."

"சரி, முக்கால்."

"அரைதான் மாமா."

சபை சிரித்தது. ஆசிமும் சிரித்தான். ஆனால் அரை அரையாகவே நின்றது.

அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். பேரம் பேசிப் பேசியே பாசம் காட்டும் வீட்டில் பிறந்தவள், ஒரே விலைக் கடைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டாள்.

அம்பத்தூர் ஃபிளாட்டில் நான்கு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம், "எஸ்டோனியாவுல வேலை. ரெண்டு வருஷம். ஒத்துக்கிட்டேன்" என்று வந்து நின்றான். அவளைக் கேட்கவில்லை. "நான் வரலை" என்றாள் ஃபிசா. அவள் வீட்டில் அதற்கு, பேச்சை ஆரம்பி என்று அர்த்தம். ஆசிம் "சரி" என்றான். "அப்ப எங்க வீட்டுக்குப் போறேன்" என்றாள். "சரி." ஆட்டோ ஓட்டியவன்கூட இருபது ரூபாய்க்குத் தகராறு செய்தான். கட்டியவன் செய்யவில்லை. பிரிய வேண்டும் என்று ஜமாஅத்தில் எழுதிக் கொடுத்தபோது அம்பத்தூரிலிருந்து வந்த பதிலும் அதே இரண்டெழுத்துதான்.

உஸ்மான் கனி மாடிப்படி ஏறி வந்தார். தோளில் துண்டு, கையில் டீ.

"என்னாமா, அனுப்பிட்டியா?"

"இல்லத்தா. மூட்டை கட்டிட்டு இருக்கேன்."

"எங்க, காட்டு."

ஃபிசா திரையைத் திருப்பினாள். யாருக்கு, எவ்வளவு, கூலி எவ்வளவு, எத்தனையாவது தடவை என்று சில வரிகள். "இதெல்லாம் நமக்குப் புரியுற மாதிரி எழுதினது. வெளியில இருக்கிற மெஷின்களுக்குப் புரியாது. அதனால ஒவ்வொண்ணையும் பைட்டா மாத்தி, உள்ள எத்தனை பைட் இருக்குன்னு முன்னாடி எழுதி, ஒரே சரமா கட்டணும். நம்ம தார்ப்பாய் ரோலுக்கு வெளியில மையால அளவு எழுதுறோமே, அதே வேலைதான்."

"பிரிக்காமலே உள்ள என்னான்னு தெரியணும்."

"அதேதான். கட்டின மூட்டை மேல என் கையெழுத்து."

"பேனா எங்க?"

"பேனா இல்லத்தா. துண்டு."

உஸ்மான் கனி புருவத்தை உயர்த்தினார். இளம் வயதில் தோல் வியாபாரத்துக்காகச் சந்தை சந்தையாக அலைந்தவர் அவர். தரகர்கள் துண்டுக்கு அடியில் கை கோத்து, விரலைப் பிடித்து விலை பேசுவதைச் சொல்லிச் சொல்லியே மகளைத் தூங்கவைத்தவர்.

"துண்டுக்குள்ள எந்த விரலைப் பிடிச்சீங்கன்னு யாருக்கும் தெரியாதுல்ல? ஆனா கை குடுத்தது சந்தைக்கே தெரியும். என் ரகசியச் சாவி துண்டுக்குள்ளேயே இருக்கும். கையெழுத்து மட்டும் வெளியில வரும். அதைப் பார்த்து இது ஃபிசாதான்னு உலகத்துல எவனும் சரிபார்த்துக்கலாம். சாவியை மட்டும் கண்டுபிடிக்க முடியாது."

"கை குடுத்த அப்புறம் மூட்டையில ஒரு எழுத்தை மாத்தினா?"

"கையெழுத்து செல்லாது."

"அனுப்பிட்ட அப்புறம் மனசு மாறினா?"

ஃபிசா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"பன்னிரண்டு விநாடிக்கு ஒரு வண்டி வந்து மூட்டைங்களை ஏத்திட்டுப் போகும். ஏறிட்டா ஏறினதுதான். ஏறாம நின்னா ஒரு வழி இருக்கு. இதுக்கு நம்பர் ஏழு. ஒரு நம்பருக்கு ஒரு பில்தான் செல்லும். அதே ஏழைப் போட்டு வேற பில் எழுதி, கூலியை ஏத்தி அனுப்பினா பழசு கிழிஞ்சிடும்."

"ம்" என்றார் உஸ்மான் கனி. அவளுக்கென்று கொண்டுவந்த டீயைத் தானே ஒரு மடக்குக் குடித்தார். "கூலி எவ்ளோ?"

"அஞ்சு க்வெய்." க்வெய் என்பது அந்தக் கூலியை அளக்கும் படி. ஐந்துக்குப் போட்டால் நம்ம காசில் முப்பது ரூபாய் வரும்.

"ஒண்ணரை போடு."

"அத்தா, இது கோயம்பேடு மார்க்கெட் இல்ல."

"எல்லா ஊரும் கோயம்பேடுதான்."

"இப்ப நாலு ஓடுது. ஒண்ணரைக்கு எவனும் ஏத்த மாட்டான்."

"ஏத்தலைன்னா நிக்கட்டும். நிக்கிறதுக்கு வாடகையா கேக்குறான்? என் வீட்டுல உட்கார்ந்துட்டு, கேட்ட கூலியை அப்படியே தூக்கிக் குடுத்தேன்னு பேர் வாங்கித் தராதே."

அவரோடு வாதாடினால் லுஹர் தொழுகை வரைக்கும் இழுக்கும். ஃபிசா ஒன்றரை என்று அடித்தாள். எண்கள் எல்லாம் கரைந்து பூஜ்யத்தில் தொடங்கும் ஒரு நீண்ட சரமாயின. சாவி உள்ளே ஒருமுறை தொட்டது. கையெழுத்து முளைத்தது. எண்டர் தட்டினாள்.

திரையில் ஒரே வார்த்தை: காத்திருக்கிறது.

ஏதோ பெரிய சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தாள். விசிறி தலையாட்டியது, அவ்வளவுதான்.

பதினோரு மணிக்குக் கீழே இறங்கினாள். கடை வாசலில் குட்டியானை வண்டி. கஜபதி அதன்மேல் நின்று திருநின்றவூருக்குப் போக வேண்டிய ரோல்களைக் கட்டிக்கொண்டிருந்தார். கல்லாவின் முன்னால், நெமிலிச்சேரியிலிருந்து வந்த ஒருவர் பழைய பேனர்களைக் குவித்துவைத்துக்கொண்டு விலை சொல்லிக்கொண்டிருந்தார். உஸ்மான் கனி ஒரு பேனரைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, மடித்து வைத்தார்.

"கிலோ ரெண்டு ரூபான்னா போட்டுட்டுப் போங்க."

வந்தவர் முகம் சிவந்தது. மூட்டையை வாரிக்கொண்டு போய்விட்டார்.

"ஏன்த்தா அப்படிக் கேட்டீங்க? பாவம்."

உஸ்மான் கனி ரசீதுப் புத்தகத்தில் மூழ்கிவிட்டார். வண்டி மேலிருந்து கஜபதிதான் சிரித்தார்.

"இன்னா பாப்பா, இந்தக் கடையிலயே பொறந்து வளந்துட்டு இத்தக் கேக்குற? பாய்க்கு சாமான் ஓணும்னு வையி, அஞ்சு பத்து கொறைப்பாரு. ஓணாம்னு வையி, அவனே எய்ந்து ஓடுற மாரி ஒரு வெலை கேப்பாரு. வாயத் தொறந்து ஓணாம்னு மட்டும் சொல்ல மாட்டாரு மன்சன்."

"கஜபதி, வாய்க்கு லீவு விட்டுட்டுக் கயித்தை இறுக்கு."

"இறுக்கிகினுதான் கீறேன் பாய்."

ஃபிசாவுக்கு உள்ளே எதுவோ லேசாக இடறியது. என்னவென்று குனிந்து பார்ப்பதற்குள் மேலேயிருந்து அம்மா வஹீதுன்னிசா கூப்பிட்டுவிட்டாள்.

வஹீதுன்னிசா சமோசாவுக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தாள். "பிரிக்க வர்றவருக்கும் தட்டுல ஏதாவது வைக்கணுமே" என்றாள். கீமா வைத்து மடித்ததில் ஆறை மட்டும் தனியாக ஒரு டப்பாவில் எடுத்து வைத்தாள். அது யாருக்கு என்று ஃபிசா கேட்கவில்லை. கீமா சமோசா என்றால் ஆசிம் ஆறு தின்பான். ஏழாவதைத் தட்டில் வைத்தால் "போதும்" என்பான். எவ்வளவு கெஞ்சினாலும் போதும் போதும்தான்.

சாப்பிட்டுவிட்டு மாடிக்கு வந்தாள். கூலி விலை மூன்றில் இருந்தது. கையெழுத்து அப்படியே நின்றுகொண்டிருந்தது. நடுப்பகலின் நீலம் கனத்துக் கண்ணை அழுத்தியது.

குமணன்சாவடி சந்திப்பு. மெட்ரோ பாலத்துக்கு அடியில் ஷேர் ஆட்டோ நிற்கும் இடம். தூண்கள் பாசி பிடித்து நீலமாக அசைகின்றன. மஹர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் டிபன் கேரியரோடு வரிசையில் நிற்கிறது. பன்னிரண்டு விநாடிக்கு ஓர் ஆட்டோ, சக்கரம் தரையில் படாமல் வருகிறது. "அம்பத்தூர், அம்பத்தூர்! மூணு, மூணு!" மஹர் மரியாதையாக, "ஒண்ணரை" என்கிறது. ஆட்டோ மிதந்து போகிறது. பின்னால் நின்றவர்கள் எல்லாம் ஏறிப் போய்விட்டார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆசிம் பெட்டியோடு நிற்கிறான். போகிறானா, காத்திருக்கிறானா தெரியவில்லை. அடுத்த ஆட்டோ வருகிறது. "ரெண்டு, ரெண்டு!" ஃபிசா வாயைத் திறக்கிறாள். ஏறு என்று கத்துவதா, ஏறாதே என்று கத்துவதா? வாயிலிருந்து குமிழி குமிழியாகக் காற்றுதான் வருகிறது.

விழித்தபோது மணி மூன்றரை தாண்டியிருந்தது. கன்னத்தில் கீபோர்டின் தடம்.

விலை இரண்டு புள்ளி ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை, அதுவும் அமெரிக்கா தூங்கும் நேரம். வண்டி காலியாக ஓடுகிறது, கூலி இறங்குகிறது. இது அவளுக்குக் காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு. ஒன்று புள்ளி ஒன்பது. ஒன்றரையைத் தொட்டுவிட்டால் எவனாவது ஒருவன் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். அரை ஈதர் அம்பத்தூரில் இறங்கிவிடும். ஐந்து மணிக்கு அப்துல் ரசாக் பாய் பேனாவைத் திறப்பார்.

அவள் கேட்டதும் அதுதானே?

உஸ்மான் கனி வீட்டுப் பெண் ஒருத்தி, விலை இறங்குவதைப் பார்த்துப் பயந்தது அன்றுதான் முதல் தடவை.

நாலரைக்குப் பாங்கு சொன்னார்கள். தலை முட்டாக்கைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்தபோது அத்தா எதிரில் நின்றார். பள்ளிவாசலுக்குக் கிளம்பும் தொப்பி தலையில் இருந்தது. கால் கிளம்பவில்லை.

"என்னா ஓடுது?"

"ஒண்ணு புள்ளி எட்டு." ஃபிசா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அத்தா, காலையில ஒண்ணரைன்னு கேட்டீங்களே. அது வாங்குறதுக்குக் கேட்ட விலையா, ஓட விடுறதுக்குக் கேட்ட விலையா?"

உஸ்மான் கனி தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துப் பார்த்தார். ஒரு கண்ணி விட்டிருந்தது. அதைச் சரி செய்தார்.

"இருபது ரூபா மிச்சம்னு பார்த்தேன்."

"அத்தா."

"காலையில உன் மூஞ்சி சரியில்லை. மூஞ்சி சரியில்லாதவங்ககிட்ட அன்னைக்கு வியாபாரம் முடிக்கிறது எனக்குப் பழக்கம் இல்லை. அடுத்த நாள் திருப்பிக்கிட்டு வந்து நிப்பாங்க."

"நான் மட்டும் நினைச்சா போதுமா? அவரு வாயைத் தொறந்து ஒரே ஒரு தடவை... போகாதேன்னு வேணாம், ஏன்னு கேட்டிருக்கலாம்ல?"

பதில் லேப்டாப்தான் சொன்னது. டிங் என்று ஒரு சத்தம்.

அவள் கணக்குக்கு ஏதோ வந்துகொண்டிருந்தது. நாற்பது எழுத்து முகவரி. முதல் நான்கும் கடைசி நான்கும் அவளுக்குப் போன் நம்பர் போல மனப்பாடம். ஆசிம். தொகை பூஜ்யம். கூலி ஒன்றரை.

வண்டிக்குக் காத்திருக்கும் மூட்டையை எவரும் பார்க்கலாம்; அவனும் பார்த்திருக்கிறான். அவள் வைத்த அதே ஒன்றரை. அவள் இப்படிக் கூலி போட மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். யார் போட்டது என்றும் தெரிந்திருக்கும். அதே விலையை வைத்து, தன் கையெழுத்தையும் அவள் கையெழுத்துக்கு எதிரில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். வானத்தில் இரண்டு பேர், இரண்டு பேரும் வண்டி ஏறாமல்.

"காசு இல்லாம வெறும் மூட்டையா?" உஸ்மான் கனி கண்ணாடியை மாட்டினார்.

"வெறும் மூட்டை இல்லத்தா. உள்ள எழுத்து இருக்கு."

தகவல் என்ற இடத்தில் எண்ணும் எழுத்துமாக ஒரு சரம். ஈ-பூஜ்யம், ஈ-பூஜ்யம் என்று மூன்று பைட்டுக்கு ஒரு தடவை வந்துகொண்டே இருந்தது. தமிழ் எழுத்து பைட்டாக மாறினால் இப்படித்தான் நடந்துவரும். சரத்தை எழுத்தாகப் பிரிக்க ஒரே ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும். அந்த ஒரு வரியில் மூன்று தப்பு செய்தாள்.

நான்காம் தடவை பிரிந்தது.

"ரெண்டு வருஷம் வேண்டாம். ஒரு வருஷம். உனக்கு எவ்வளவு கட்டுப்படியாகும்?"

ஃபிசா வாய்விட்டுப் படித்தாள். கடைசி வார்த்தையில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வெளியே வந்தது. கட்டுப்படியாகும். மாமனார் கடையில் மட்டும் கேட்டிருக்கக்கூடிய வார்த்தை. ஒன்றரை வருஷமாகப் பேசாமல் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறான்.

"ஆறு மாசம்னு போடட்டுமா அத்தா?"

"மூணுன்னு கேளுடி!" படியில் வஹீதுன்னிசாவின் குரல். சமோசாத் தட்டோடு எப்போது வந்து நின்றாளோ. "மூணுன்னு கேட்டாத்தான் ஆறுல வந்து நிக்கும். இது தெரியலை, நீயெல்லாம் இந்த வீட்டுப் பொண்ணு."

விலை ஒன்று புள்ளி ஆறு.

ஃபிசா கோப்பைத் திறந்தாள். எண்: அதே ஏழு. யாருக்கு: ஆசிமுக்கு. தொகை: அரையை அழித்துப் பூஜ்யம். தகவல்: "மூணு மாசம். அதுவும் யோசிச்சுத்தான்." எழுத்தெல்லாம் பைட்டாகி, அளவு முன்னால் ஒட்டி, மூட்டை கட்டி முடிந்தது. ஒரே ஓர் இடம் மட்டும் காலி.

"கூலி எவ்ளோ போடட்டும்?"

உஸ்மான் கனி தோளிலிருந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். துடைக்க இனி இடமில்லை.

"கேக்குறதைக் குடுத்துடு" என்றார். பிறகு மெதுவாக, "மேலே ஒரு அஞ்சு சேர்த்தே குடு."

வஹீதுன்னிசா தட்டைக் கீழே வைத்தாள். முப்பது வருஷத்தில் இந்த மனிதன் வாயிலிருந்து அவள் கேட்டிராத வாக்கியம் அது. மகளைப் பெற்ற ஆஸ்பத்திரியிலேயே பில்லில் நூறு ரூபாய் குறைத்தவர்.

ஃபிசா அடித்தாள். சாவி உள்ளே தொட்டது. ஏழாம் நம்பர் இரண்டாம் தடவை கையெழுத்தாகிப் பறந்தது.

கீழே ஸ்கூட்டர் நிற்கும் சத்தம். அழைப்பு மணி. "அஸ்ஸலாமு அலைக்கும், கனி பாய்! பள்ளியில ஆளைக் காணோமே?" அப்துல் ரசாக் பாயின் குரல் படியேறி வந்தது.

யாரும் நகரவில்லை. திரையில் விலை ஒன்றரையைத் தொட்டது. பழைய ஏழும் புது ஏழும் ஒரே வானத்தில்; ஏறப்போவது ஒன்றுதான். பன்னிரண்டு விநாடிக்கு ஒரு வண்டி.

உஸ்மான் கனி மேசையின் மேலிருந்த மகளின் கையைப் பிடித்தார். துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மூடினார். எந்த விரலைப் பிடித்தார் என்று வஹீதுன்னிசாவுக்குத் தெரியவில்லை.